பச்சைத் துணிக்கு அடியில் ஒரு சென்ட்ரல் லைன்

ஓய்வு பெற்ற டாக்டர்களைக் கட்டுரை எழுதச் சொல்வது பெரிய மரியாதை. அவர்களை மறுபடி ஆஸ்பத்திரிப் பக்கம் வரவிடாமல் வீட்டோடு உட்கார வைக்க இதைவிட நாகரிகமான வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. எனக்கும் அந்த மரியாதை கிடைத்திருக்கிறது. திருச்சியில் நான் ஆயுசின் பெரும் பகுதியைக் கழித்த ஆஸ்பத்திரியின் ஐசியூவுக்கு இப்போது தலைவராக இருப்பவர் டாக்டர் இஸ்மாயில். ஒரு காலத்தில் என்னிடம் வேலை பார்த்தவர். வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: "மேடம், நம்ம டிபார்ட்மென்ட் மலருக்கு ஒரு கட்டுரை தரணும். ஐசியூ பேஷன்ட்ஸுக்கு எந்த வகை சென்ட்ரல் லைன் பெஸ்ட்னு ஒரு ஒப்பீடு. உங்க அனுபவத்துலேர்ந்து எழுதுங்க." கீழே கும்பிடும் கைகள், ஒரு பூங்கொத்து.

அவர் அதை அனுப்பியபோது, அவரே என் கழுத்தில் போட்டு எடுத்திருந்த லைனின் பிளாஸ்டர் பசை இன்னும் தோலைவிட்டுப் போகவில்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒப்பீடு. கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும்.

சென்ட்ரல் லைன் என்றால் என்னவென்று தெரியாதவர்களும் மலரைப் புரட்டக்கூடும். கையில் குத்தும் சாதாரண ஊசி தாங்காத மருந்துகளைக் கொடுக்க, கழுத்திலோ காறை எலும்புக்குக் கீழேயோ தொடை இடுக்கிலோ உள்ள பெரிய இரத்தக் குழாய்க்குள் நீளமாக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செலுத்தி வைப்போம். கழுத்திலும் காறை எலும்பிலும் போட்டால் அதன் நுனி இதயத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். சொல்வதற்கு இவ்வளவுதான். இதைப் பற்றி நான் உட்கார்ந்து கேட்ட கருத்தரங்குகளில் சாப்பிட்ட பாதாம் அல்வாவை மட்டும் சேர்த்து வைத்திருந்தால் ஒரு கல்யாணம் நடத்தியிருக்கலாம்.

ஒரு வாய் உள்ளது, இரண்டு வாய், மூன்று வாய் உள்ளது என்று குழாய்களில் வகை உண்டு. வாய் அதிகமானால் ஒரே நேரத்தில் அதிக மருந்து ஏற்றலாம். கிருமி நுழையவும் அத்தனை வாசல். கிருமிநாசினி பூசிய குழாய் என்று ஒன்று வருகிறது. எல்லா ஒழுங்கையும் கடைப்பிடித்தும் ஒரு ஐசியூவில் கிருமித் தொற்று குறையவில்லை என்றால், குழாய் நெடுநாள் இருக்க வேண்டும் என்றால், அது நிச்சயம் உதவும். ஆனால் எங்கள் ஊரில் அது வந்து இறங்கியதும் முதலில் குறைந்தது தொற்று இல்லை, கை கழுவுவதுதான். பூச்சு இருக்கிறதே என்கிற தைரியம். டயாலிசிஸுக்கென்று தடித்த குழாய் தனி. கையில் முழங்கைக்கு மேலே குத்தி, உள்ளேயே நெஞ்சு வரை ஓட்டிவிடும் மெல்லிய குழாய் இன்னொன்று. அது பார்க்க லட்சணமாக இருக்கும், நோயாளி சட்டை போட்டுக்கொள்ளலாம், செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம். அதனால் அதற்குக் கிராக்கி.

இடத்திலும் வித்தியாசம் உண்டு. காறை எலும்புக்குக் கீழே போட்டால் தொற்று குறைவு, ஆனால் கை தவறினால் நுரையீரல் ஓட்டையாகும், இரத்தம் கசிந்தால் அழுத்திப் பிடிக்க வழியில்லை. கழுத்து நேர் வழி, ஆனால் வேர்வையும் தாடியும் பிளாஸ்டரை ஒட்ட விடாது. தொடை இடுக்கு அவசரத்துக்குக் கைகொடுக்கும், நாள் கடந்தால் காலை வாரும். ஒப்பீடு முடிந்தது. இதையே வண்ணக் கட்டங்கள் போட்டு, ஓட்டலில் குளிர்சாதன அறை பிடித்து, மைக் வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்த்துச் சொன்னால் அதற்குச் சர்வதேசக் கருத்தரங்கு என்று பெயர்.

நான் டாக்டருக்குப் படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் அல்ட்ராசவுண்ட் கிடையாது. எலும்பைத் தடவி, துடிப்பைத் தொட்டு, சாமியைக் கும்பிட்டுக் குத்தினோம். ஸ்ரீரங்கத்துப் பெண் என்பதால் எனக்கு மேலிடத்தில் செல்வாக்கு அதிகம் என்று கூடப் படித்தவர்கள் கேலி செய்வார்கள். செல்வாக்கு வேலை செய்த நாளும் உண்டு, செய்யாத நாளும் உண்டு. படிப்பு அவ்வளவுதான்.

வேலை தெரிந்துகொண்டது தேவசகாயம் சாரிடம். ஐசியூவின் அன்றைய தலைவர். மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, யாரையும் ஒருமையில் அழைக்காத வாய். எங்களைவிட வயதில் எவ்வளவோ பெரியவர், ஆனால் 'வாங்க', 'சொல்லுங்க'தான். புதிதாக வந்தவர்கள் என்ன தங்கமான மனிதர் என்று உருகுவார்கள். கொஞ்ச நாள் போனால்தான் விவரம் புரியும். அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரணமாக 'டாக்டர்'. தப்பு செய்தால் 'டாக்டரம்மா'. 'டாக்டரம்மா, தயவுசெய்து கொஞ்சம் இப்படி வர்றீங்களா?' என்று கேட்டால், போகிறவர் கண்ணீரோடுதான் திரும்புவார்.

காலை ரவுண்ட்ஸில் ஒவ்வொரு கட்டிலிலும் நின்று குழாயைச் சுட்டிக் காட்டி ஒரே கேள்வி கேட்பார். "இது இன்னைக்கு எதுக்குங்க?" நேற்று எதற்காகப் போட்டோம் என்று விளக்கினால் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "நேத்துக்குச் சரிங்க. இன்னைக்கு?" என்பார். பதில் இல்லையென்றால் குழாய் அங்கேயே அப்போதே வெளியே வந்துவிடும். பூச்சுக் குழாய் விற்க வந்த கம்பெனிக்காரர் ஒருவரிடம், "உங்க குழாய் ரொம்ப நல்லா இருக்கு. இதை எப்ப எடுக்கணும்னு இதுவே சொல்லுமாங்க?" என்று கேட்டார். அந்த மனிதர் அதற்குப் பிறகு எங்கள் மாடி ஏறவில்லை.

அவருடைய இன்னொரு வழக்கம்தான் ஊர் முழுக்கக் கேலிக்கு ஆளானது. புதிதாகச் சேர்கிற எந்த டாக்டரும் நோயாளிக்கு லைன் போடுவதற்கு முன்னால் தானே ஒரு முறை அந்தக் கட்டிலில் படுக்க வேண்டும். தலைப்பக்கத்தைத் தாழ்த்துவார். முகத்தை ஒரு பக்கம் திருப்பச் சொல்வார். கழுத்தில் சில்லென்று மருந்தைத் தடவி, தலை முதல் கால் வரை பச்சைத் துணியால் மூடுவார். ஊசி ஒன்றைத் தவிர எல்லாம் நடக்கும். துணிக்கு அடியில் நம் மூச்சே நம் முகத்தில் திரும்பி வந்து அடிக்கும். பொட்டலம் கிழிகிற சத்தம் கேட்கும். யாரோ யாரிடமோ "அதைக் கொடு" என்பார்கள், எதை என்று தெரியாது. மூக்கு அரிக்கும், சொறிய முடியாது. என் முறை வந்தபோது, ஊசி கிடையாது என்று தெரிந்தும், எழுந்து ஓடிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அப்போது துணிக்கு அடியில் ஒரு கை நுழைந்து என் கையைப் பிடித்தது. வார்டு சிஸ்டர். "கேக்குதா மேடம்? நான்தான். இப்ப சாரு கழுத்தைத் தொடுவாரு" என்றார். அவ்வளவுதான், மூச்சு சீரானது.

அதுவும் அவர் வைத்த சட்டம். லைன் போடும்போது ஒருவருக்கு வேறு வேலையே கிடையாது, நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பதைத் தவிர. நிர்வாகத்துக்கு இது எரிச்சல். சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு ஆள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதா என்று மீட்டிங்கில் கேட்டார்கள். "நீங்க ஒரு தடவை வந்து படுத்துப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்களேன்" என்றார் சார். யாரும் வரவில்லை.

சரோஜா எங்களிடம் வந்தது அந்தக் காலத்தில். மணப்பாறையில் வீட்டோடு முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவர். சர்க்கரை நோய் சிறுநீரகங்களைத் தின்றிருந்தது. காலில் வந்த புண் சீழ் பிடித்து, விஷம் உடம்பெல்லாம் ஏறி, இரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருந்தது. நுரையீரலில் நீர். படுக்க முடியாமல், கட்டிலில் உட்கார்ந்து முன்னால் ஒரு மேஜையில் கைகளை ஊன்றிக்கொண்டு, முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார். உடனே அழுத்தத்துக்கு மருந்து ஏற்ற வேண்டும், டயாலிசிஸ் செய்து நீரை எடுக்க வேண்டும். இரண்டுக்கும் பெரிய குழாய் வேண்டும். தாமதித்தால் உயிர் போகும், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

டயாலிசிஸ் குழாய்க்கு வலது கழுத்துதான் முதல் இடம் என்று எல்லா ஒப்பீடுகளும் சொல்கின்றன. நானும் படித்தவள்தானே. தலைப்பக்கத்தைத் தாழ்த்தச் சொன்னேன்.

"படுக்க வைக்காதீங்க தாயி," என்றார் சரோஜா. "மூச்சு நின்னுடும்."

"கொஞ்ச நேரம்தான்மா, பொறுத்துக்கங்க," என்றேன். டாக்டர்கள் கொஞ்ச நேரம் என்று சொல்வதை வைத்து யாரும் கடிகாரம் பார்க்கக் கூடாது.

துணி மூடினேன். ஊசியைக் கையில் எடுத்தேன். மானிட்டர் ஒன்றும் சொல்லவில்லை, அது வழக்கம்போல அமைதியாகப் பச்சைக் கோடு வரைந்துகொண்டிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டிருந்த சிஸ்டர்தான், "மேடம், கை சில்லுன்னு ஆகுது. புடி தளருது" என்றார். துணிக்கு அடியில் இருந்து ஒரு சத்தம் வந்தது. தண்ணீருக்குள் இருந்து பேச முயல்கிற மாதிரி. எனக்குப் பச்சைத் துணி என் முகத்திலேயே விழுந்தது போல இருந்தது. ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

தேவசகாயம் சார் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். "ஏன் நிறுத்திட்டீங்க டாக்டர்?"

"மூச்சு முட்டுது சார்."

"யாருக்குங்க?"

"ரெண்டு பேருக்கும்."

"அப்ப எடுத்துடுங்க," என்றார். துணியைச் சுருட்டி, கட்டிலை நிமிர்த்தினோம். சரோஜா மேஜையைப் பிடித்துக்கொண்டு, கரைக்கு வந்தவர் போல இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார்.

உடனே ஒப்பீடு ஆரம்பித்தது. சகா ஒருவர், தொண்டையில் குழாய் போட்டு மயக்கத்தில் படுக்க வைத்துவிட்டால் கழுத்தில் நிதானமாகப் போடலாம் என்றார். "நம்ம வசதிக்கு அவங்களைத் தூங்க வைக்கணுமாங்க?" என்றார் சார். இப்போதைக்குக் கையில் மெல்லிய குழாயைப் போட்டு மருந்தையாவது ஆரம்பிக்கலாம் என்றேன் நான். அது புதிதாக வந்த நேரம், எல்லோருக்கும் அதில் கை துறுதுறுத்தது. சார் என்னைப் பார்த்து, "டாக்டரம்மா" என்றார். "இவங்க கிட்னி திரும்பி வருமான்னு உங்களுக்குத் தெரியுமா? வரலைன்னா நாளைக்கு டயாலிசிஸுக்குக் கையிலதானே ரத்தக் குழாயைச் சேர்த்துத் தைக்கணும்? அதை இன்னைக்கே நீங்க குத்திக் கெடுத்துட்டா, அப்புறம் எதைத் தைக்கிறதுங்க?" நுரையீரல் ஏற்கெனவே தத்தளிக்கும்போது காறை எலும்பை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தச் சகாவுக்கும் 'டாக்டரம்மா' பட்டம் கிடைத்திருக்கும், அவர் ஆணாக இருந்தும்.

மிஞ்சியது தொடை இடுக்கு. எல்லா அட்டவணையிலும் கடைசி இடம் பிடிக்கும் பாவப்பட்ட இடம். தலையை உயர்த்தி வைத்தபடியே போடலாம், முகத்தை மூட வேண்டாம். அதுதான் என்று சார் முடிவு செய்தார்.

அவர் முடிவு செய்தால் போதுமா? வெயிட்டிங் ஹாலில் இன்னொரு ஒப்பீட்டுக் குழு உட்கார்ந்திருந்தது. ஐசியூ வாசலில் காத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு வேறு வேலை கிடையாது. யாருக்கு எத்தனை பாட்டில், எத்தனை குழாய், எந்த டாக்டர் என்று பேசிப் பேசி அவர்களே வரிசைப்படுத்திவிடுவார்கள். "எங்க மாமாவுக்கு மூணு வாய்ங்க," என்று ஒருவர் பெருமையாகச் சொல்ல, இரண்டு வாய் போட்டவர் வீட்டுக்காரர்கள் முகம் சுருங்கியதை நானே பார்த்திருக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் மலைக்கோட்டை ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் கையில் லைனோடு படுத்திருந்தார். அந்தச் செய்தி ஹாலுக்குப் போயிருந்தது. சரோஜாவின் மூத்த மகன் எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"ஜவுளிக்கடைக்காரருக்குக் கையில போட்டிருக்கீங்க. எங்க அம்மாவுக்கு மட்டும் தொடையிலயா? நாங்க மணப்பாறையிலேர்ந்து வந்தவங்கன்னு எளக்காரமா? லேட்டஸ்ட்டே போடுங்க சார், நாங்க பாத்துக்குறோம்."

"உக்காருங்க தம்பி," என்றார் சார். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். "அவருக்குக் கிட்னி நல்லா இருக்கு, கையில போட்டோம். உங்க அம்மாவுக்கு நாளைக்கு அந்தக் கை வேணும். இப்ப படுக்கவும் முடியல. அதான் தொடையில. அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். நீங்க வேணாம்னா போடல. ஆனா யோசிக்கிறதுக்கு நேரம் இல்லைங்க."

மகன் தலையைக் குனிந்துகொண்டார். "அம்மா கூச்சப்படுவாங்க சார்," என்றார் மெல்ல. அவருடைய கோபத்துக்குக் காரணம் அதுதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. "அவங்களையே கேப்போம்," என்றார் சார்.

உலகத்திலுள்ள எல்லோரையும் கேட்டுவிட்டு, கடைசியாகக் குழாய் போட்டுக்கொள்ளப் போகிறவரையும் கேட்டோம். சரோஜா மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார். "படுக்க... வேணாமா?"

"வேணாம்மா. ஒக்காந்த மாதிரியே இருக்கலாம். துணியால மூஞ்சிய மூட மாட்டோம்."

"அப்ப எங்க வேணா... போட்டுக்கங்க தாயி. புள்ளை பெத்தவளுக்கு... என்ன கூச்சம்."

நான் கை கழுவி, கவுன் மாட்டி வந்தபோது சிஸ்டரின் இடத்தில் தேவசகாயம் சார் நின்றிருந்தார். இவ்வளவு சிக்கலான லைனை அவரே போடுவார் என்று நினைத்திருந்தேன். அவரோ சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போடுங்க டாக்டர். நான் இங்க பேசிட்டு இருக்கேன்" என்றார். பிறகு எனக்குக் கேட்டதெல்லாம் அவர்களுடைய பேச்சுதான்.

"முறுக்குக்கு ஓமம் போடுவீங்களா, எள்ளா?"

"ரெண்டும்."

"ரெண்டுமா! ஒரு தடவை சுட்டா போதுமா?"

"ரெண்டு தடவை... எண்ணெயில... போடணும் சார். அப்பத்தான்... மொறுமொறுன்னு வரும்."

"இப்ப தொடையில சுருக்குன்னு இருக்கும். டாக்டர் மரத்துப்போற ஊசி போடுறாங்க. மாவு எத்தனை படி பிசைவீங்க?"

குழாய் உள்ளே போனது. அழுத்தத்துக்கு மருந்து ஓடியது, டயாலிசிஸ் மெஷின் ஓடியது, நுரையீரல் நீர் இறங்கியது. சரோஜா தானாகவே தலையணையில் சாய்ந்தார், பிறகு படுத்தார். நிம்மதியாகப் படுக்க முடிந்ததும் வலது கழுத்தில் குழாயை மாற்றி, தொடைக் குழாயை எடுத்துவிட்டோம். சிறுநீரகம் திரும்பி வரவில்லை. ஆனால் தைப்பதற்குக் கை இருந்தது. இடது கையில் தைத்தார்கள், வலது கை முறுக்கு பிழிய வேண்டும் என்று சரோஜா கறாராகச் சொல்லிவிட்டார். டயாலிசிஸுக்கு வரும்போதெல்லாம் மகன் ஒரு டப்பா முறுக்கு கொண்டுவந்து ஐசியூ மேஜையில் வைப்பார். சார் டப்பாவைக் காட்டி, "இது இன்னைக்கு எதுக்குங்க?" என்று கேட்டுக்கொண்டே ஒன்றை எடுப்பார்.

தேவசகாயம் சார் அந்தப் பதவியை விட்டுப் போன பிறகு நான் தலைவராக இருந்த காலம் முழுக்கப் பச்சைத் துணி வழக்கத்தை விடவில்லை. இஸ்மாயிலும் அதில் படுத்தவர்தான். நான் ஓய்வு பெற்றதும் காலம் முன்னேறிவிட்டது. புதிய டாக்டர்கள் சங்கடப்படுகிறார்கள் என்று நிர்வாகம் அதை நிறுத்தியது. பதிலுக்கு ஒரு பொம்மை வாங்கி, ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். அதன் கழுத்தில் நீலத் தண்ணீர் ஓடும், சரியாகக் குத்தினால் விளக்கு எரியும். அருமையான பொம்மை. அதற்கு மூச்சு முட்டாது, மூக்கு அரிக்காது, கூச்சமும் கிடையாது. கையைப் பிடிப்பவர் வேலையும் போனது, ஆள் பற்றாக்குறை.

இந்த வருஷம் பித்தப்பையில் சீழ் பிடித்து, நடுங்கும் காய்ச்சலோடு நானே அங்கே போய்ச் சேர்ந்தேன். இரத்த அழுத்தம் இறங்கியது. இஸ்மாயில் கட்டிலருகே வந்து, "மேடம், லைன் போடணும். பூச்சு போட்டது இருக்கு, சாதாரணம் இருக்கு. உங்களுக்கு எது?" என்றார், காப்பியா டீயா என்று கேட்பது போல.

"இது எதுக்குங்க?" என்றேன். அவர் சிரித்தார். நியாயமான காரணம்தான் சொன்னார். ரெண்டு வாய், சாதாரணம், வலது கழுத்து. ஒப்பீட்டில் எனக்கும் ஆட்சேபணை இல்லை.

துணி பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறியிருந்தது. மற்றபடி எல்லாம் அதேதான். என் மூச்சு என் முகத்தில் அடித்தது. கழுத்தில் சில்லென்று மருந்து. பொட்டலங்கள் கிழிந்தன. யாரோ ஒருவர் வரிசையாகக் கேள்விகள் வாசிக்க, இன்னொருவர் ஆமாம் ஆமாம் என்று டிக் அடித்தார். ஒன்றையும் விடவில்லை, என்னைத் தவிர. அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஊசியின் நீளம் தெரியும், அது போகும் பாதை தெரியும், அவர்களுக்கே சொல்லிக் கொடுத்தவள் நான். அதெல்லாம் எதற்கும் உதவவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. வெறும் பயம், வேறொன்றும் இல்லை. என் கை என்னைக் கேட்காமலே துணிக்கு வெளியே போய்க் காற்றில் துழாவியது.

"மேடம், கையை உள்ள வெச்சுக்கங்க. ஸ்டெரைல் போயிடும்," என்றார் சிஸ்டர். சரியாகத்தான் சொன்னார். கை கேட்கவில்லை.

கையுறை போட்ட ஒரு கை வந்து அதைப் பிடித்துக்கொண்டது.

"ஐயோ சார், க்ளவுஸ் கெட்டுப் போச்சு! மறுபடி கழுவிட்டு வரணும்."

"தெரியும் சிஸ்டர். கழுவிக்கிறேன்," என்றார் இஸ்மாயில். ஆனால் கையை உடனே எடுக்கவில்லை.